வெர்மோல்ட் என்கிற ஜெர்மன்காரர்

போன செவ்வாய்க்கிழமை காலை. இட்லி மாவில் உப்பு போட்டேனா, போடவில்லையா என்று நான் குண்டானுக்கு முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். தம்பியிடமிருந்து போன்.

"அக்கா, சிதம்பரம் போயி சித்திகிட்டேருந்து மாமாவோட லெட்டரை வாங்கிட்டு வர்றியா? பிரேம் போடணும்."

"எந்த லெட்டருடா?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? என் பேரு வந்த லெட்டரு!"

குரலில் அவ்வளவு வருத்தம். தாஜ்மஹால் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுவிட்ட மாதிரி.

என் பத்தியைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு தகவல். என் தம்பியின் பெயர் வெர்மோல்ட். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். மஞ்சக்குப்பத்தில் பிறந்து, கடலூரிலேயே படித்து, கடலூர் கோர்ட்டிலேயே கிளார்க்காக இருக்கும், ஐம்பத்திரண்டு கிலோ எடையுள்ள, மீன் குழம்பு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் கடக்கத் தெரியாத மனிதனுக்குப் பெயர் வெர்மோல்ட். புதிதாக வரும் வக்கீல்களிடம் "வெர்மோல்ட் சாரைப் பாருங்க" என்று சொன்னால், ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரரைத் தேடுவார்கள். அவன் மேஜையைத் தாண்டிப் போய்த் தேடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயர் போல்ட்டு. வாத்தியார்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இந்தப் பெயர் எப்படி வந்தது? நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பிறந்தபோது, அம்மாவின் ஒரே தம்பி அல்போன்ஸ் மாமா அரபு நாட்டுக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் தாய்மாமன்தான் பெயர் சொல்ல வேண்டும். ஊரில் இல்லையே என்று விட்டுவிட முடியுமா? அம்மா லெட்டர் போட்டாள். பதில் வந்தது. பதிலில் இருந்த பெயர்தான் வெர்மோல்ட்.

அப்போதைய பங்குச் சாமியார் மட்டும் கொஞ்சம் தயங்கினாராம். அப்புறம், "ஐரோப்பாவுல ஆயிரம் புனிதருங்க இருக்காங்க. எல்லாரையுமா எனக்குத் தெரியும்?" என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

மாமா லீவில் வரும்போதெல்லாம் தம்பி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பான். "மாமா, வெர்மோல்ட்னா யாரு?"

"என் கூட்டாளிடா. ஜெர்மன்காரன். நல்ல உசரம், நாம அண்ணாந்துதான் பாக்கணும். மஞ்சளா இருப்பான். பலம்னா பலம், அப்படி ஒரு பலம். ஆனா ஒரே கைதான்."

போதாதா? அந்த ஒற்றைக் கையை வைத்து என் தம்பி ஒரு வாழ்க்கை வரலாறே எழுதிவிட்டான். இரண்டாம் உலகப் போரில் இன்னொரு கையை இழந்தவர். மனம் நொந்து பாலைவனத்துக்கு வந்தவர். மாமாவின் உயிரை இரண்டு முறை காப்பாற்றியவர்... மாமா இதில் எதையுமே சொன்னதில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். நாங்கள் அதைத் துக்கம் என்று நினைத்தோம்.

ஒரு லீவில் வந்தவர், "அவன் கதை முடிஞ்சிருச்சுடா. கடைசில நகரவே முடியல. ஒரே எடத்துல நின்னுட்டான்" என்றார். தம்பி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பாதிக்க ஆரம்பித்ததிலிருந்து வருஷம் தவறாமல் கல்லறைத் திருநாளுக்கு அந்த ஜெர்மன்காரருக்காகப் பூசை வைக்கிறான். கோயிலில் மைக்கில் வாசிப்பார்கள் – "வெர்மோல்ட் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, வெர்மோல்ட் குடும்பத்தார்." இதைக் கேட்டுப் பதறிய ஒரு புது சாமியார், ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது வெர்மோல்ட்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மகள் ஷாலினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். குழந்தைக்குப் பெயர்? நீங்களே யூகித்திருப்பீர்கள். வெர்மோல்டா.

ஷாலினிக்கு அப்பா என்றால் உயிர். அவள் சரி என்றுவிட்டாள். சம்பந்தி அருளப்பன்தான் முரண்டு பிடித்தார். பெண்ணாடத்துக்காரர். சர்க்கரை மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எவாஞ்சலின் என்று அழகாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு காத்திருந்தார் பாவம். தம்பி அவரை உட்கார வைத்து, ஜெர்மன்காரரின் தியாக வரலாற்றை ஒன்றரை மணி நேரம் சொன்னான். மனுஷர் அரை மனதாகத் தலையாட்டினார். "பேரு எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு சம்பந்தி. எங்கன்னுதான் நெனப்பு வரல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

"அந்த லெட்டரைப் பெரிசா பிரேம் போட்டு ஹால்ல மாட்டிட்டேன்னு வையி, அவரு அப்புறம் வாயே தொறக்க மாட்டாரு அக்கா" என்றான் தம்பி. சம்பந்தி முன்னால் மானம் போகாமல் இருக்க வேண்டும். அதற்கு லெட்டர் வேண்டும். சரி, கிளம்பினேன்.

லெட்டர் ஏன் சிதம்பரத்தில் இருக்கிறது? மாமாவுக்கு இரண்டு அக்கா. கடலூரில் என் அம்மா, சிதம்பரத்தில் ரீத்தா சித்தி. மாமா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஏரோகிராம்தான் போடுவார், கடிதத் தாளே மடித்தால் கவராகிவிடும் அந்த நீலத் தபால். கடலூரில் படித்துவிட்டு, சிதம்பரம் போகிற யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அதனால் எல்லா லெட்டரும் கடைசியில் சித்தியிடம் போய்ச் சேர்ந்தன. சித்தி நர்ஸாக இருந்தவள். எழுபத்தொன்பது வயது. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர்கள் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பாள்.

கீழ வீதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவள் வீடு. போனதும் கொத்சுவுடன் நாலு இட்லி. அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கெட் டின்னை இறக்கினாள். உள்ளே நீல நீலமாக ஏரோகிராம்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். மேலே, நட்ட நடுவில், நீளமாக ஒரு ஜன்னல். அடுத்தது – ஜன்னல். அதற்கு அடுத்தது – ஜன்னல். லெட்டர் வழியாகச் சித்தியின் முகம் தெரிந்தது.

"பாத்தியா? அந்த ஊரு கவர்மென்ட்டு அவ்ளோ சிக்கனம்" என்றாள் சித்தி. "ஸ்டாம்ப்பை அனுப்பிட்டு அதையே திரும்ப வெட்டி எடுத்துக்கும். பின்னாடி எழுதியிருக்கறது போவுதேன்னு ஒரு ஈவு எரக்கம் கெடயாது."

நான் காபியை உறிஞ்சினேன். சத்தமாகவே உறிஞ்சினேன்.

வாசகர்களே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கவர்மென்ட் நான்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. என் வகுப்பில் ஸ்டெல்லா என்று ஒருத்தி. அவளிடம் பதினோரு நாட்டு ஸ்டாம்ப் இருந்தது. என்னிடம் எத்தனை? இந்தியா. அது ஒன்றுதான். இந்த நிலைமையில் பருந்துப் படம் போட்ட அரபு நாட்டு ஸ்டாம்ப் மூன்று, வரிசையாக, எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? தபால்காரர் வரும் நேரமும் நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரமும் ஒன்று. லெட்டரை வாங்கி, மடிப்புக்குள் அம்மாவின் தையல் கத்தரிக்கோலை நுழைத்து, மூன்று ஸ்டாம்ப்பையும் ஒரே துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போய்விடுவேன். ஏரோகிராமில் ஸ்டாம்ப்புக்குப் பின்பக்கம் கடிதம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டெல்லாவை எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

ஓட்டை ஏன் என்று அம்மா கேட்டபோது, "அந்த நாட்டுல ஸ்டாம்ப்பைத் திரும்ப எடுத்துக்குவாங்களாம்மா. எங்க டீச்சர் சொன்னாங்க" என்றேன். எங்கள் வீட்டில் டீச்சர் சொன்னால் அப்பீல் கிடையாது.

சரி. தம்பி கேட்ட லெட்டரைத் தேடி எடுத்தேன். ஜன்னலுக்கு மேலே கடைசி வரி – "குழந்தைக்குப் பெயர்". அப்புறம் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே – "வெர்மோல்ட். தினமும் பன்னிரண்டு மணி நேரம் அவனோடுதான் இருக்கிறேன். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முகம் சுளிக்க மாட்டான். அவனைப் போல ஒருத்தன் நம் வீட்டிலும் இருந்தால் எனக்கு நிம்மதி."

இதைவிடத் தெளிவாக ஒரு தாய்மாமன் எப்படி எழுதுவார்?

பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். எனக்கோ டின்னுக்குள் கைவிடாமல் இருக்க முடியாது. அடுத்த லெட்டரையும் பிரித்துப் படித்தேன்.

"அன்புள்ள அக்காமார்களுக்கு. குழந்தைக்கு வெர்மோல்ட் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு ஒரு மணி நேரம் கீழே இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அக்கா, வெர்மோல்ட் என்பது நான் ஓட்டுகிற கிரேன். பெயரைப் பற்றி நான் எழுதியிருந்தது..."

அப்புறம் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே – "கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். கிரேனுக்குப் பங்காளி பிறந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்."

நான் மூன்று தடவை படித்தேன். சித்தியை நிமிர்ந்து பார்த்தேன். சித்தி என் கையிலிருந்த லெட்டரைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் பயம். அப்புறம் உதடு துடித்தது. அப்புறம்... எழுபத்தொன்பது வயதுக்காரி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பிஸ்கெட் டின் கீழே விழுந்தது.

"ஒனக்குத் தெரியுமா சித்தி?"

"எனக்கும் ஒங்கம்மாவுக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. பேரு கோயில் ரிஜிஸ்தர்ல ஏறிப்போச்சு, இன்னா பண்றது? செத்தாலும் சொல்லக் கூடாதுன்னு ஒங்கம்மா பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டா."

"மாமா என்ன பேரு எழுதியிருந்தாராம்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வந்தப்பதான் கேட்டோம். அவனுக்கு நெனப்பு இல்லியாம். அந்தக் கவர்மென்ட்டு மட்டும் வெட்டாம இருந்திருந்தா..."

நான் மறுபடியும் காபி டம்ளரைத் தேடினேன்.

நல்ல உசரம். மஞ்சள் நிறம். ஜெர்மனி. பலசாலி. ஒரே கை. யோசித்துப் பாருங்கள்... மாமா என் தம்பியிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலேயே உண்மையை மட்டும் பேசிய ஆள் அவர்தான்.

"தம்பிகிட்ட சொல்லிடவா?" என்றேன்.

"வாயைத் தொறந்தே, பாத்துக்க! அவன் அந்தப் பேரை வச்சிக்கிட்டுத்தான் கோர்ட்டுல நிமுந்து நடக்கறான்" என்றாள் சித்தி. வாசல் வரை வந்து இன்னொரு தடவையும் மிரட்டிவிட்டு, என் பிரஷர் மாத்திரையை மாற்றச் சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். காற்று நன்றாக வந்தது. நிம்மதிதான் வரவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு. அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சைக் குழந்தைக்கு கிரேன் பெயரை வைக்கப் போகிறோம். நாளைக்கு அது பெரிய பெண்ணாகி, இன்டர்நெட்டில் தன் பெயரைத் தேடிப் பார்த்தால்? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று பருந்துக்காக நான் செய்த வேலை, மூன்றாம் தலைமுறை வரை வந்துவிட்டதே!

அப்போதுதான் ஒரு யோசனை. மாமா எழுதிய நிஜப் பெயர் எங்கே இருக்கிறது? ஸ்டாம்ப்புக்குப் பின்னால். ஸ்டாம்ப் எங்கே? என் நோட்டில். நோட்டு எங்கே? எங்கள் வீட்டுப் பரணில்! அந்தப் பெயர் கிடைத்துவிட்டால், "தம்பி, உனக்கு மாமா வைத்த உண்மையான பெயர் இதுதான்டா" என்று கௌரவமாக எடுத்துக் கொடுத்துவிடலாம். பேத்திக்கு அதையே வைக்கச் சொல்லலாம். கிரேன் பேச்சையே எடுக்க வேண்டாம். அந்தோணி, அந்தோணியம்மாள், எவ்வளவு அழகான பெயர்கள் இருக்கின்றன!

வெள்ளிக்கிழமை பரணில் ஏறினேன். என் வயதில் ஏறக் கூடாதுதான். நோட்டு கிடைத்தது. கரப்பான் பூச்சிகள் பாதியைச் சாப்பிட்டிருந்தன. ஆனால் பருந்துகள் பத்திரம். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தேன். எங்கள் வீட்டு அரிசி அவ்வளவு நல்ல அரிசி, நாற்பத்தெட்டு வருஷமாகப் பிடியை விடவில்லை.

இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றி, ஆவி வந்ததும் நோட்டை மேலே பிடித்தேன். கால் மணி நேரம். ஓரம் கிளம்பியது. மெதுவாக உரித்தேன். பின்பக்கம் மாமாவின் கையெழுத்து! லெட்டரைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, துண்டை ஓட்டையில் பொருத்தினேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"குழந்தைக்குப் பெயர் நீங்களே நல்லதாகப் பார்த்து வையுங்கள் அக்கா. எனக்கு இதெல்லாம் தெரியாது. இங்கே கிரேன் ஓட்டுகிறேன். ஜெர்மன் கிரேன். அதுதான் எனக்குக் கூட்டாளி. பெயர் வெர்மோல்ட்."

அவ்வளவுதான். பெயரே இல்லை. மாமா பெயரே சொல்லவில்லை!

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். குண்டானில் தண்ணீர் வற்றித் தீயும் வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். லெட்டர் ஆவியில் சுருண்டுவிடாமல் இருக்க அதை அப்படியே தடிமனான டிக்‌ஷனரிக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். அதாவது, துண்டை ஓட்டையிலிருந்து எடுக்காமல். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், அவசரத்தில் லெட்டரைப் பிரித்துப் பார்க்காமலே ஒரு கவருக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் தம்பி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் பட்டிமன்றம். சொல்வதா? வேண்டாமா? அம்மா சாகும்வரை காப்பாற்றியதை உடைக்க நான் யார்? ஆனால் அம்மாவை மாட்டிவிட்டதே நான்தானே? ஓட்டை லெட்டரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கடைசியில் முடிவு செய்தேன். தைரியமானவள் என்று என்னைப் பற்றி நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் மன்னியுங்கள்.

வாசலில் ஷாமியானா. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றில்... சம்பந்தி அருளப்பன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவர், முதல் நாளே பெண்ணாடத்திலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டார். மடியில் குழந்தை. இன்னும் எவாஞ்சலின் என்றுதான் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"லெட்டர் வந்துருச்சு! எல்லாரும் வாங்க!" என்று தம்பி என் கையிலிருந்து கவரைப் பிடுங்கிக்கொண்டான். பிரித்தான். கண் விரிந்தது.

"அக்கா... ஓட்டையைக் காணோமே!"

எட்டிப் பார்த்தேன். டிக்‌ஷனரியின் கனத்தில் பழைய சோற்றுப் பசை மறுபடியும் பிடித்துக்கொண்டு, துண்டு லெட்டரோடு லெட்டராக ஒட்டியிருந்தது. நல்ல அரிசி என்று சொன்னேனே.

"கொடுடா, இது அந்த லெட்டர் இல்ல..."

அவன் எங்கே கேட்டான்? தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தான். "குழந்தைக்குப் பெயர்..." குரல் கணீரென்று கிளம்பியது. "நீங்களே நல்லதாகப் பார்த்து வையுங்கள் அக்கா..." கொஞ்சம் இறங்கியது. "இங்கே கிரேன் ஓட்டுகிறேன்..." இன்னும் இறங்கியது. "ஜெர்மன் கிரேன்..." அதற்கு மேல் உதடு மட்டும்தான் அசைந்தது.

ஷாலினி என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்தரிக்கோல், ஸ்டெல்லா, டீச்சர், இன்னொரு லெட்டர், அம்மாவின் சத்தியம்... ஒரே மூச்சில். யாரும் கேட்ட மாதிரியே தெரியவில்லை. எல்லோரும் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப... அந்த ஒரு கை?"

"கிரேனுக்கு ஒரு கைதானேடா."

"மஞ்சளா இருப்பான்னாரே?"

"பெயின்ட்டு."

"நான் வருஷா வருஷம் பூசை வச்சனே அக்கா?"

அவன் மனைவி ஜெசிந்தா சமையலறைக்குள் ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரி இல்லை.

தம்பி சிரிக்கவில்லை. லெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வருஷமாக ஒரு மனிதன் தூக்கிக்கொண்டு நடந்த ஜெர்மன்காரரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து நடு ஹாலில், அதுவும் சம்பந்தி முன்னால், போட்டு உடைத்துவிட்டோம். ஓடிப் போய் அவன் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"எத்தனை டன்?"

"என்னடா?"

"அது... எத்தனை டன்னு தூக்கும்?"

எனக்கு எப்படித் தெரியும்? மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கர்ஜனை.

"நாப்பது டன்!"

சம்பந்தி எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் குழந்தை. முகமெல்லாம் வெளிச்சம்.

"வெர்மோல்ட்! அதானே, எங்கயோ கேட்ட பேருன்னு மண்டையை ஒடச்சிக்கிட்டிருந்தேன்! எங்க மில்லு யார்டுல ஒண்ணு நின்னுச்சு சம்பந்தி! செகண்ட் ஹேண்டுலதான் வந்துச்சு. அதுக்கே சீசன்ல ராவும் பகலும் கரும்பு எறக்கும். இருவத்திரண்டு வருஷம்... ஒரு நாள், ஒரே ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல! மத்ததெல்லாம் வாரம் ஒருக்கா படுத்துக்கும். கழட்டி லாரில ஏத்திக்கிட்டுப் போன அன்னிக்கு எங்க ஷிப்டே சாப்புடல, தெரியுமா?"

குரல் உடைந்தது அவருக்கு. நான் மிகைப்படுத்தவில்லை.

"நீங்க என்னமோ போரு, தியாகம், ஒத்தைக் கை வெள்ளைக்காரன்னு சொன்னீங்க. எனக்கு மனசு ஒப்பல. இத மொதல்லயே சொல்லக் கூடாதா சம்பந்தி? இந்தப் பேரையா நான் வேணாம்னேன்?" என்று குழந்தையை முகத்துக்கு நேரே தூக்கினார். "எவாஞ்சலினாவது ஒண்ணாவது! ஏய், வெர்மோல்டாக் குட்டி..."

குழந்தை ஏப்பம் விட்டது.

தம்பி எழுந்து நின்றான். நான் இதுவரை பார்க்காத ஒரு நிமிர்வு. எப்போதும் உள்ளே ஒடுங்கியிருக்கும் அந்த நெஞ்சு ஓர் அங்குலம் வெளியே வந்திருந்தது. இந்த ஐம்பத்திரண்டு கிலோ ஆள்தான் அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் அவளைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வாசலில் வெயிலில் உட்கார வைத்தவன். நானும் போய்ப் பிடிப்பேன். "வுடுக்கா, கனமே இல்ல" என்பான். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மாமா என்ன எழுதினார், யார் பெயரை எழுதினார் என்பதெல்லாம் இனி எனக்கு முக்கியமில்லை. அவர் கேட்ட ஆள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"பேரு மாத்த வேணாம்" என்றான் தம்பி. "லெட்டரு பிரேமும் போடணும். முழு லெட்டரு."

"பூசை?" என்றாள் ஷாலினி.

கொஞ்சம் யோசித்தான். "மாமா பேருக்கு மாத்திடலாம். பாவம், இத்தினி வருஷமா அவரு பங்கும் கிரேனுக்குப் போயிருக்கும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினான். "கிரேனை நான் மன்னிச்சுட்டேன். உன்னை யோசிச்சுத்தான் சொல்லணும். மொதல்ல உன் பத்திரிகையில இதை ஒண்ணு விடாம எழுது. சித்தியும் படிக்கட்டும்."

எழுதிவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப் பத்தி எழுதுகிறவள், செய்த பாவத்தை ஒப்புக்கொள்கிற ஒரு பாவசங்கீர்த்தனத்தைக் கூடுதலாக அரைப் பக்கம் எழுதுவதில் குறைந்துவிட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் நிறைய சொந்தக்காரர்கள். போன மாசம்தான் மாற்றலாகி வந்த சாமியார், இளைஞர், எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறவர். "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

"வெர்மோல்டா" என்றார்கள் ஷாலினியும் மாப்பிள்ளையும்.

சாமியார் கையில் தண்ணீரோடு ஒரு நொடி நின்றார். பக்கத்தில் நின்ற என் தம்பியிடம் குனிந்து, ரகசியமாக, ஆனால் மைக் ஆனில் இருப்பதை மறந்து கேட்டார்.

"வெர்மோல்டா... எந்த நாட்டுப் புனிதருங்க?"

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். கோர்ட்டுக் குரல்.

"ஜெர்மனி, ஃபாதர். நாப்பது டன்."